சிக்வினில் கொம்பைல் செய்த ஐபெர்ஃப்3: இன்ஸ்டோலர் என் மடிக்கணினியில் மட்டும்தான் ஓடுகிறது

கல்லடிக்கேபிள் (மட்டக்களப்பு)

எல்லாருக்கும் வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் புரோகிராமர் இல்லை, கேபிள் இழுக்கிறவன். பாடசாலை லாப், ரியூட்டரி, கடை என்று கல்லடியில் இருந்து களுவாஞ்சிக்குடி வரை நெட்வேர்க் வேலை செய்கிறேன். போகிற இடமெல்லாம் ஒரே முறைப்பாடு, "ஃபைபர் எடுத்தும் ஸ்பீட் இல்லை". போய்ப் பார்த்தால் பாதி இடத்தில் ஃபைபரில் பிழையே இருக்காது, உள்ளே ஓடுகிற வயரில்தான் பிழை. கடற்கரைப் பக்கம் என்றால் மலிவு விலை ஆர்ஜே45 தலைகள் உப்புக்காற்றில் பச்சை பிடித்துப்போய் இருக்கும், இல்லாவிட்டால் எலி. நீலச் சோடியோ பழுப்புச் சோடியோ அறுந்தால் கிகாபிட் வராது, ஆனால் பெரும்பாலான கார்டுகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். லைட் எரியும், இன்டர்நெட்டும் வரும், அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கிற கருவியை ஒரு கணினியில் சேர்வராகவும் மற்றதில் கிளையன்டாகவும் ஓட்டினால் 940 வர வேண்டிய இடத்தில் 94 மெகாபிட் காட்டும். கதை முடிந்தது.

இதை ஒவ்வொரு முறையும் நானே போய்ச் செய்ய வேண்டியிருக்கிறது. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கச் சொன்னால் அந்த இடத்திலேயே ஆர்வம் போய்விடுகிறது. அதனால் பைத்தனில் இரண்டே பொத்தான் வைத்து ஒரு சின்ன விண்டோ செய்தேன்: "இந்தக் கணினி காத்திருக்கட்டும்", "அளந்து பார்". பின்னால் ஓடுவது ஐபெர்ஃப்3தான். விண்டோஸுக்கு என்று இணையத்தில் பரவலாகக் கிடைக்கிற 3.1.3 பதிப்பு 2016இல் வந்தது. 3.16இலிருந்து ஒவ்வொரு ஸ்ட்ரீமும் (தரவு ஓட்டமும்) தனி திரெட்டில் ஓடும் என்பதால் புதியதுதான் வேண்டும் என்று மூலநிரலை எடுத்து, யுனிக்ஸ் மென்பொருளை விண்டோஸில் ஓட வைக்கிற சிக்வினில் கொன்ஃபிகர், மேக் என்று கொம்பைல் செய்தேன். எஸ்ஆர்சி ஃபோல்டரில் வந்த எக்ஸியை எடுத்து பைத்தன் விண்டோவோடு சேர்த்து இன்னோ செட்டப் என்ற கருவியில் இன்ஸ்டோலராகக் கட்டினேன். என் மடிக்கணினியில் அழகாக ஓடியது.

மறுகா அதைப் பென்ட்ரைவில் கொண்டுபோய் ஒரு பாடசாலை லாபில் போட்டேன். சிக்வின்1 டிஎல்எல் (எக்ஸி ஓடத் தேவையான துணைக் கோப்பு) இல்லை என்றது. கூகுளில் தேடி ஏதோ ஒரு டிஎல்எல் தளத்தில் இறக்கி சிஸ்டம்32க்குள் போட்டேன். இப்போது பிழைச் செய்தி இல்லை, கறுப்புத் திரை ஒரு மின்னல் மின்னி மறைகிறது, அவ்வளவுதான். ஸ்டாட்டிக் ஆக்கினால், அதாவது டிஎல்எல்லை எக்ஸிக்குள்ளேயே சேர்த்தால், சரிவரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதற்கான சுவிட்சைப் போட்டும் பார்த்தேன், அப்போதும் அதே சிக்வின்1ஐத்தான் கேட்கிறது. இன்ஸ்டோலரில் பிழையா, கொம்பைலில் பிழையா என்றுகூடத் தெரியவில்லை. வேலை சரிவந்தால் நெட்வேர்க்கைத் துழாவுகிற என்மேப்பையும் உள்ளே போட்டு, லாபில் எந்தெந்தக் கணினி உயிரோடு இருக்கிறது என்று காட்டவும் ஆசை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆரையம்பதி_ரூட்

லினக்ஸ் போடுங்கள் அண்ணன். ஒரே ஒரு கட்டளை.

சாய்ந்தமருது_நானா (அம்பாறை மாவட்டம்)

தம்பி, மற்றது எல்லாம் பிறகு. முதலில் அந்த சிஸ்டம்32க்குள் போட்ட டிஎல்எல்லைத் தூக்கி எறியுங்கள், அதுவும் அந்தப் பாடசாலைக் கணினியில் இருந்து. யார் என்றே தெரியாத தளத்தில் இருந்து இறக்கிய டிஎல்எல்லைப் பிள்ளைகள் பாவிக்கிற கணினியின் சிஸ்டம் ஃபோல்டருக்குள் வைப்பது, தெருவில் கிடந்த சாவியை எடுத்து வந்து வீட்டுக் கதவில் மாட்டுவது மாதிரி. நாளைக்கு சிக்வினை வைத்து ஓடுகிற இன்னொரு மென்பொருள் வந்தால் அதுவும் இதில் சிக்கும். உங்களுக்குத் தேவையான டிஎல்எல் உங்கள் மடிக்கணினியிலேயே சிக்வின் பின் ஃபோல்டருக்குள் இருக்கிறது. எந்தப் பதிப்போடு கொம்பைல் செய்தீர்களோ அதே பதிப்பை எடுத்து எக்ஸிக்குப் பக்கத்தில், அதே ஃபோல்டரில் வையுங்கள். விண்டோஸ் டிஎல்எல் தேடும்போது எக்ஸி இருக்கிற ஃபோல்டரைத்தான் முதலில் பார்க்கும்.

ஸ்டாட்டிக் கேள்விக்குப் பதில்: சிக்வின்1ஐ ஸ்டாட்டிக்காகச் சேர்க்கவே முடியாது. எந்த சுவிட்ச் போட்டாலும் முடியாது. ஐபெர்ஃப் யுனிக்ஸுக்கு என்று எழுதியது, அதன் சொக்கெட் அழைப்புகளை விண்டோஸுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பதே அந்த டிஎல்எல்தான். மற்ற லைப்ரரிகளை உள்ளே இழுத்துக்கொள்ளலாம், அது மட்டும் வெளியேதான் நிற்கும்.

இனி அந்த மின்னல். எனக்கு இதே அனுபவம் இருக்கிறது, இரண்டு நாள் போனது. நீங்கள் எஸ்ஆர்சியில் இருந்து எடுத்தது ஐபெர்ஃப்3 இல்லை! ஷேர்ட் லைப்ரரியோடு கொம்பைல் செய்தால், கொம்பைலுக்கு உதவுகிற லிப்டூல் என்ன செய்யும் என்றால், உண்மையான எக்ஸியை டொட் லிப்ஸ் என்ற உள்ஃபோல்டரில் ஒளித்து வைத்துவிட்டு, வெளியே அதே பெயரில் ஒரு வாசல்காரனை நிறுத்தும். அவனுடைய ஒரே வேலை, கொம்பைல் செய்த இடத்தின் பாதையைப் பார்த்து உள்ளே இருக்கிறவரைக் கூப்பிடுவது. உங்கள் மடிக்கணினியில் அந்தப் பாதை இருக்கிறது, அதனால் ஓடுகிறது. பாடசாலையில் வாசல்காரன் மட்டும்தான் போய் இறங்கியிருக்கிறான், வீட்டுக்காரர் உங்கள் மேசையிலேயே இருக்கிறார். இரண்டு கோப்பின் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள், விளங்கும்.

ஆகவே ஷேர்ட் வேண்டாம் என்ற சுவிட்சோடு முதலில் இருந்து கொன்ஃபிகர் செய்யுங்கள். பழைய ஃபோல்டரை அப்படியே அழித்துவிட்டு, புதிதாக அவிழ்த்துச் செய்வது நல்லது. அப்புறம் மேக் இன்ஸ்டோல் செய்யும்போது டெஸ்ட்டிர் என்று ஒரு வெற்று ஃபோல்டரைக் கொடுங்கள், அங்கே வந்து விழுவதைத்தான் இன்ஸ்டோலருக்கு எடுக்க வேண்டும், ஒருபோதும் எஸ்ஆர்சியில் இருந்து எடுக்கக் கூடாது. ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்க லைப்ரரி) வேண்டாம் என்ற சுவிட்சையும் போடலாம். ஐபெர்ஃப் அதைப் பாவிப்பது பெயர், கடவுச்சொல் கேட்டு உள்ளே விடுகிற வசதிக்கு, லாபில் அது உங்களுக்கு எதற்கு? ஒரு டிஎல்எல் குறையும். கடைசியாக சிக்செக் என்ற கருவியை எக்ஸியின் மேல் ஓட்டுங்கள், அது எந்த எந்த டிஎல்எல்லில் தொங்குகிறது என்று மரம் மாதிரிக் காட்டும். விண்டோஸுடையதும் சிக்வின்1உம் தவிர வேறு ஏதும் வந்தால் அதையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு உங்கள் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்து "சரி" என்று சொல்லாதீர்கள். அந்தக் கணினியின் பாத்தில் (விண்டோஸ் புரோகிராம்களைத் தேடுகிற ஃபோல்டர் பட்டியலில்) சிக்வின் இருக்கிறது, அங்கே எதுவும் ஓடும். சிக்வினையே கண்டிராத கணினியில் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பாத்தையாவது வெறுமையாக்கிவிட்டு ஓட்டுங்கள்.

கல்லடிக்கேபிள்

நானா, வாசல்காரன் கதை அப்படியே சரி! டொட் லிப்ஸுக்குள் ஐபெர்ஃப்3உம், பக்கத்தில் சிக்ஐபெர்ஃப் என்று தொடங்குகிற ஒரு டிஎல்எல்லும் இருந்தன. மூன்று வாரமாக இன்னோ செட்டப் ஸ்கிரிப்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பாடசாலைக் கணினியில் போட்டதை நாளைக்குப் போய் எடுத்துவிடுகிறேன்.

வந்தாறுமூலைப்_பொடியன்

அண்ணன், டிஎல்எல் விசயம் நானா சொல்லிவிட்டார், நான் லைசென்ஸ் பக்கம் சொல்கிறேன், ஏனென்றால் என்மேப் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்.

ஐபெர்ஃப்3 பிஎஸ்டி லைசென்ஸ், அதில் பிரச்சினை இல்லை, லைசென்ஸ் கோப்பை உள்ளே வைத்தால் போதும். ஆனால் சிக்வின்1ஐ நீங்கள் கையில் கொடுக்கிறீர்கள் அல்லவா, அது எல்ஜிபிஎல். உங்கள் பைத்தன் விண்டோவின் மூலத்தை யாரும் கேட்க முடியாது, ஆனால் அந்த டிஎல்எல்லின் மூலத்தை, அதே பதிப்பின் மூலத்தை, வாங்குகிறவருக்குக் கொடுக்கும் பொறுப்பு உங்களுடையது. "சிக்வின் தளத்தில் இருக்கிறது, போய் எடு" என்று சொல்லித் தப்புவதை விட, பென்ட்ரைவிலேயே மூலப் பொதியையும் ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். இடம் பெரிதாகப் பிடிக்காது.

என்மேப் வேறு கதை. அதற்குத் தனி லைசென்ஸ். தனியுடைமை மென்பொருளோடு சேர்த்து ஒரே இன்ஸ்டோலருக்குள் கட்டுவதையே வழிப்படைப்பாக அவர்கள் கணக்கெடுக்கிறார்கள், இன்ஸ்டோல்ஷீல்ட் என்ற இன்ஸ்டோலர் கருவியின் பெயரையே உதாரணமாக எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் விண்டோவின் மூலத்தைத் திறந்து வைத்தால் ஒரு பேச்சு, மூடி வைத்து விற்றால் அவர்களிடம் ஓஇஎம் (தன் பொருளோடு சேர்த்து விநியோகிக்கிற) லைசென்ஸ் வாங்க வேண்டும். என்மேப்பின் கூடவே, நெட்வேர்க் பொட்டலங்களைப் பிடிக்கிற என்பிகேப் ட்ரைவர் வரும். அதன் இலவசப் பதிப்பை நீங்கள் உங்கள் இன்ஸ்டோலருக்குள் போட்டு விநியோகிக்கவே அனுமதி இல்லை. சத்தமில்லாமல் பின்னணியில் இன்ஸ்டோல் ஆகிற வசதியும் ஓஇஎம் பதிப்பில் மட்டும்தான். வயர்ஷார்க்கின் இன்ஸ்டோலருக்குள் என்பிகேப் இருக்கிறதே என்று கேட்பீர்கள், அவர்கள் அதற்கென்று அனுமதி பெற்றுத்தான் வைத்திருக்கிறார்கள். "அப்போ பழைய வின்பிகேப்பைப் போடுகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதன் கடைசிப் பதிப்பு 2013இல் வந்தது, அதோடு சரி.

எந்தக் கணினி உயிரோடு இருக்கிறது என்று பார்க்க என்மேப் வேண்டுமா என்ன? ஒரு லாபில் எத்தனை கணினி இருந்துவிடப்போகிறது. பைத்தனில் இருந்து விண்டோஸின் பிங்கையே வரிசையாகக் கூப்பிட்டுவிட்டு ஆர்ப் அட்டவணையை (எந்த ஐபிக்கு எந்த வன்பொருள் முகவரி என்ற பட்டியலை) பார்த்தால் வேலை முடிந்தது. பிங்குக்குப் பதில் தராத கணினிகூட ஆர்ப்பில் மாட்டும்.

நானா சொன்ன அந்தக் கொம்பைல் பாதை விசயத்துக்கு ஒரு பக்கக் கதை. ஓப்பன்எஸ்எஸ்எல்லை மின்ஜிடபிள்யூ என்ற கொம்பைலர் தொகுப்பில் கொம்பைல் செய்தால் அமைப்புக் கோப்பை சி ட்ரைவில் யூஎஸ்ஆர், லோக்கல் என்ற பாதையில் தேடும்படி உள்ளே எழுதப்பட்டுவிடும். விண்டோஸில் அப்படி ஒரு ஃபோல்டர் இருக்காது, ஆனால் சாதாரணப் பாவனையாளர் யாரும் அதை உருவாக்கலாம், தனக்கு விருப்பமான அமைப்புக் கோப்பை அதில் வைக்கலாம். 2019இல் அது ஒரு பாதுகாப்புக் குறைபாடாகவே பதிவானது, சிவிஇ-2019-1552. லினக்ஸில் அந்தப் பாதையில் கைவைக்க ரூட் வேண்டும் என்ற நம்பிக்கையில் எழுதியது விண்டோஸுக்கு வந்ததும் திறந்த கதவு. நானா ஓப்பன்எஸ்எஸ்எல்லை விடச் சொன்னது நல்லதுதான்.

டீச்சர்_அக்கரைப்பற்று

நான் ஐசிடி படிப்பிக்கிறேன், இந்த மாதிரி மென்பொருளை யாராவது கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனபிறகு அதோடு மல்லுக்கட்டுகிற ஆள் நான்தான், அதனால் என் பக்கத்தையும் கேளுங்கள் தம்பி.

"காத்திருக்கட்டும்" பொத்தானை முதல் முறை அமத்தியதும் விண்டோஸ் ஃபயர்வோல் ஒரு பெட்டி காட்டும், அனுமதிக்கவா என்று. எங்கள் பிள்ளைகளுக்கு இங்கிலீசில் பெட்டி வந்தால் கேன்சலைத்தான் அமத்தத் தெரியும். (சில ஆசிரியர்களும் அப்படித்தான், பெயர் சொல்ல மாட்டேன்.) கேன்சல் அமத்தினால் பெட்டி சும்மா மறைவதில்லை, அந்தப் புரோகிராமைத் தடுக்கச் சொல்லி ஒரு விதி எழுதப்பட்டுவிடுகிறது. மறுகா நீங்கள் வந்து அனுமதி விதி போட்டாலும் தடுப்பு விதிதான் வெல்லும். ஒரு லாபில் இப்படித்தான் அரை நாள் வயரை மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருந்தோம்.

அதனால் இன்ஸ்டோலர் ஓடும்போதே, பெட்டி வர முதலே, விதியைப் போட்டுவிடுங்கள். இன்னோ செட்டப்பின் ரன் பகுதியில் நெட்எஸ்எச் அட்வ்ஃபயர்வோல் கட்டளை ஒன்று. அதற்கு முதல் வரியில் அதே எக்ஸியின் பாதையில் இருக்கிற பழைய விதிகளை அழிக்கிற கட்டளை, பிறகு அனுமதி. ஐபெர்ஃபின் போர்ட் 5201ஐத் திறக்காமல் புரோகிராமின் பெயரில் திறந்தால் டிசிபி, யுடிபி இரண்டுக்கும் சேர்த்துப் போகும், வேறு எதுவும் அந்த வழியால் நுழையாது. அன்இன்ஸ்டோல் பகுதியில் விதியை நீக்கவும் மறக்க வேண்டாம். இன்னொன்று, லாப் கணினிகளில் நெட்வேர்க் பெரும்பாலும் "பப்ளிக்" என்றே கிடக்கும், பிரைவேட்டுக்கு மட்டும் விதி போட்டால் பலன் இல்லை.

அடுத்தது, எங்களிடம் விண்டோஸ் 7 இன்னும் இருக்கிறது. 32 பிட்டும் இருக்கிறது. அவற்றில் உங்கள் பொதி ஓடுமா?

சாய்ந்தமருது_நானா

ஓடாது டீச்சர். சிக்வின் 3.4 வந்தபோதே 32 பிட் போய்விட்டது, 3.5இல் விண்டோஸ் 7உம் போனது. பைத்தனும் 3.8தான் விண்டோஸ் 7இல் ஓடிய கடைசி. பழைய பதிப்புகளை எல்லாம் பொறுக்கி எடுத்து இன்னொரு இன்ஸ்டோலர் கட்டலாம், ஆனால் தம்பி அதை எத்தனை வருசம் இழுத்துக்கொண்டு திரிவார்? இன்னோ செட்டப்பில் மின்வேர்ஷன் என்று ஒரு வரி போட்டால் பழைய விண்டோஸில் தொடக்கத்திலேயே மரியாதையாக நின்றுவிடும், பாதி இன்ஸ்டோல் ஆகி உடைந்து கிடப்பதை விட அது மேல். அந்தக் கணினிகளுக்கு ஆரையம்பதித் தம்பி சொன்னதுதான் மருந்து, ஐபெர்ஃப்3 போட்ட லைவ் லினக்ஸ் பென்ட்ரைவ் ஒன்று.

பைத்தன் விண்டோவை பைஇன்ஸ்டோலரில் ஒற்றைக் கோப்பாகக் கட்டியிருந்தால் அதையும் மாற்றுங்கள். ஒற்றைக் கோப்பு ஒவ்வொரு முறையும் டெம்ப் ஃபோல்டரில் தன்னை அவிழ்த்துத்தான் ஓடும். பழைய ஹார்ட் டிஸ்கில் அது திறப்பதற்குள் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். அன்டிவைரசுக்கும் அந்த அவிழ்க்கிற வேலையைக் கண்டால் பிடிக்காது. இன்ஸ்டோலர்தான் இருக்கிறதே, பிறகு எதற்கு ஒற்றைக் கோப்பு, ஃபோல்டராகவே கட்டுங்கள். யுபிஎக்ஸ் போட்டுச் சுருக்குகிற வேலையும் வேண்டாம்.

ஆரையம்பதி_ரூட்

கடைசியில் என் மருந்துக்குத்தான் வந்தீர்கள்.

கல்லடிக்கேபிள்

எல்லாருக்கும் நன்றி. இடையில் இன்னொரு கேள்வி: வட்ஸ்அப்பில் அனுப்பினால் எடுக்கிறவர்களுக்கு நீலத் திரையில் "விண்டோஸ் உங்கள் கணினியைப் பாதுகாத்தது" என்று வருகிறதாம். பென்ட்ரைவில் கொடுத்தால் வருவதில்லை. அதே கோப்பு. ஏன்?

வந்தாறுமூலைப்_பொடியன்

இணையத்தில் இருந்து இறங்கிய கோப்புக்கு விண்டோஸ் ஒரு முத்திரை குத்தும், "வெளியில் இருந்து வந்தது" என்று. அந்த முத்திரை கோப்புக்குள் இல்லை, என்டிஎஃப்எஸ்ஸில் கோப்போடு ஒட்டிக்கொண்டிருக்கிற மறைவான ஒரு துண்டில் இருக்கிறது. பென்ட்ரைவ் ஃபாட்32 என்றால் அந்தத் துண்டை வைக்க இடமே இல்லை, கொப்பி பண்ணும்போதே கழன்றுவிடும். முத்திரை இல்லாததால், அந்த நீலத் திரையைக் காட்டுகிற ஸ்மார்ட்ஸ்கிரீன் கேள்வி கேட்பதில்லை. அதனால் பென்ட்ரைவில் வந்தது பாதுகாப்பானது என்று அர்த்தம் இல்லை, பார்க்கிறவர் இல்லை என்றுதான் அர்த்தம்.

சரியான வழி மென்பொருளில் டிஜிட்டல் கையொப்பம் இடுவது. 2023 ஜூனில் இருந்து கையொப்பச் சாவியை டோக்கன் மாதிரியான பாதுகாப்பு வன்பொருளில்தான் வைக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது, தனியாளுக்கு அந்தச் செலவு கட்டாது. உங்கள் விண்டோவின் மூலத்தைத் திறந்த மூலமாக வெளியிட்டால் சைன்பாத் ஃபவுண்டேஷன் மாதிரி, திறந்த மூலத் திட்டங்களுக்கு இலவசமாகக் கையொப்பம் இடுகிற இடத்தில் விண்ணப்பிக்கலாம். அதுவரைக்கும் கோப்பின் கைரேகை மாதிரியான ஷா256 எண்ணைத் தனியாக அனுப்புங்கள், வாங்குகிறவர் விண்டோஸின் செர்ட்யுடிலில் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

ஒப்பிட மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். டீச்சர் மட்டும் ஒப்பிடுவார்.

கல்லடிக்கேபிள்

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

புதிதாகக் கொம்பைல் செய்தேன், சிக்செக்கில் சிக்வின்1உம் விண்டோஸ் டிஎல்எல்லும் மட்டும்தான். மச்சானின் கடைக் கணினியில் (அதில் பில் அடிப்பதைத் தவிர வேறு எதுவும் நடந்ததில்லை) போட்டால் "புதிய ஸ்ட்ரீம் உருவாக்க முடியவில்லை" என்று ஒரு பிழை. அதிலும் ஒரு நாள் போனது. கடைசியில் பார்த்தால் என் கைவேலை. நானா பாத்தை வெறுமையாக்கி ஓட்டிப் பார்க்கச் சொன்னார் அல்லவா, நான் அதைச் சோதிக்கப் பைத்தனில் ஐபெர்ஃபைக் கூப்பிடுகிற இடத்தில் என்வைரன்மென்ட் (பாத், டெம்ப் மாதிரி விண்டோஸ் புரோகிராமுக்குக் கொடுக்கிற அமைப்புகள்) முழுவதையும் துடைத்துவிட்டுப் பாத்தை மட்டும் கொடுத்திருக்கிறேன், பிறகு அதை எடுக்க மறந்துவிட்டேன். ஐபெர்ஃப் ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் ஒரு தற்காலிகக் கோப்பு எழுதும். டெம்ப் எங்கே என்று என்வைரன்மென்டைக் கேட்கும், பதில் இல்லாவிட்டால் யுனிக்ஸ் வழக்கப்படி டிஎம்பி என்ற ஃபோல்டருக்குப் போகும். மச்சானின் கடையில் அப்படி ஒன்று எங்கே இருக்கிறது. அந்த வரியை எடுத்ததும் ஓடியது.

ஃபயர்வோல் விதியும் டீச்சர் சொன்ன மாதிரியே போட்டாயிற்று. என்மேப்பை விட்டுவிட்டேன், பிங்கும் ஆர்ப்பும் போதும். சிக்வின் மூலமும் லைசென்ஸ் கோப்புகளும் "மூலம்" என்ற ஃபோல்டரில்.

நேற்று ஒரு ரியூட்டரியில் அங்குள்ள தங்கச்சியே பொத்தானை அமத்திப் பார்த்துவிட்டு எனக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். ஆறு கணினியில் ஐந்து 940 சொச்சம், ஒன்று மட்டும் 94.1. போய் சுவர் சொக்கெட்டைக் கழற்றினால் பழுப்புச் சோடியில் ஒரு கம்பி, குத்துகிற இடத்திலேயே முறிந்து தொங்குகிறது. வெட்டிப் புதிதாகக் குத்தினேன், 941. முன்பென்றால் ஆறு சொக்கெட்டையும் கழற்றியிருப்பேன்.

அக்கரைப்பற்று டீச்சருக்கு முதலில் 1.0 அனுப்பினேன், டெம்ப் பிழை திருத்தி இன்று 1.0.1உம் அனுப்பியிருக்கிறேன்.

சாய்ந்தமருது_நானா

மாஷா அல்லாஹ், நல்லது தம்பி. 1.0.1 கட்டும்போது ஸ்கிரிப்டில் ஆப்ஐடியை மாற்றவில்லைதானே? அந்த நீள எண்ணை வைத்துத்தான் இது பழையதன் புதுப்பிப்பா, வேறு மென்பொருளா என்று இன்னோ செட்டப் கண்டுபிடிக்கும்.

கல்லடிக்கேபிள்

புதுப் பதிப்புக்குப் புது எண் வேண்டும் என்று நினைத்து மாற்றிவிட்டேன் நானா.

டீச்சர்_அக்கரைப்பற்று

இப்போதுதான் பார்த்தேன். பட்டியலில் இரண்டு இருக்கிறது.